சீனித்தாய்க்குக் கால் எட்டவில்லை

மணப்பாட்டில் ராஹிலாவின் முத்து காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை மதியம், மலையடிவாரத்து ஓலைக் கொட்டகையில் நின்றவர்கள் ஆறு பேர். தூத்துக்குடியில் மின்சைக்கிள் சுற்றுலா நடத்தும் விஜயராஜ். அவன் தாய் சீனித்தாய். அவன் அத்தை செல்வராணி. சுங்க இலாகாவில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுலா வந்த காயல்பட்டினத்து ராஹிலா, அவள் தம்பி அஸ்லம். ஆறாவது ஆள் நகைக்கடை சுந்தரராஜ். விஜயராஜின் தங்கை பிரேமாவை, மஸ்கட்டில் வேலை பார்க்கும் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்தவர்.

கொட்டகை வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த எஸ்றா கிழவர் வெளியாள் ஒருவரும் உள்ளே போகவில்லை என்று சிலுவை போட்டுச் சொன்னார். எனவே எடுத்தவர் அந்த ஆறு பேரில் ஒருவர். இதை முதலில் உணர்ந்தவர் செல்வராணி. உணர்ந்ததும் அவருக்கு வாயில் கசப்பு ஊறியது. நான்கு தலைமுறையாகக் கடை வைத்துப் பிழைத்த குடும்பம். எடைக்கல்லில் குறை என்று ஒரு சொல் வந்ததில்லை. இப்போது தம்பி மகனின் வண்டியிலிருந்து விருந்தாளியின் பொருள் திருடு போயிருக்கிறது.

அன்று காலை நடந்ததை அவர் மனம் மறுபடி ஓட்டிப் பார்த்தது.

காலை ஏழு மணிக்குக் குலசேகரன்பட்டினத்தில் வேனிலிருந்து சைக்கிள்களை இறக்கினார்கள். இறக்கியபோதே ஒரு வாடை குப்பென்று அடித்தது. செல்வராணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“ஏலே, என்ன நாத்தம்லே இது? வேனுக்குள்ள என்னமும் செத்துக் கிடக்கா?”

“சீட்டுக் கம்பிக்குச் சுறா எண்ணெய் தடவியிருக்கேன் அத்தை. தருவைகுளத்துல வள்ளத்துக்குப் பூசுவாங்கல்லா, அதான். உப்புக்காத்துல கம்பி குழாயோட பிடிச்சிக்கிட்டா பிறவு ஆனை வந்து இழுத்தாலும் வராது.”

“ஏறுதவங்க கையெல்லாம் நாறிப் போகுமே.”

“நாறாது. வெளிய தெரியுத பாகத்தைத் துடைச்சிருவேன். குழாய்க்குள்ள இருக்குத பாகத்துலதான் எண்ணெய். கம்பியை முழுசா உருவுனாத்தான் கையில படும். பட்டுச்சோ, மூணு நாளைக்கு நம்மளே நம்ம கையை மோந்து பாக்க முடியாது.”

சுந்தரராஜ் அப்போது தன் காருக்குள் குளிர்காற்றில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து இறங்கி வந்தவர் பூப்போட்ட கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. சாலையோரக் கடையில் பொங்கலுக்கு அஸ்லம் கரண்டி கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தம்பி, ஆண்டவன் அஞ்சு விரலை எதுக்குத் தந்தான்? கரண்டி பிடிக்கிறவன் ஒண்ணு வியாதிக்காரன், இல்ல வெள்ளைக்காரன். நான் லண்டன்லயே கையாலதான் தின்னேன்.”

பிறகு தான் சைவத்துக்கு மாறியதையும், மீன் வாடை பட்டாலே குமட்டுவதையும் விளக்கினார். முடிவில் சீனித்தாயின் பக்கம் திரும்பினார். “நிச்சயத்துக்குப் பிரேமா கழுத்துல ஒரு முத்து போடுவேன். வளர்ப்பு முத்து இல்ல தாயி, கடல்ல தானா விளைஞ்சது. எங்க கிடைக்கும்னு மட்டும் கேக்காதிய.”

சீனித்தாய் பூரித்துப் போனாள். அவளுக்கு அந்தச் சம்பந்தம் கோயில் பிரசாதம் போல.

தூத்துக்குடியில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். ஏற்றத்தில் சைக்கிள் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை விஜயராஜ் மணப்பாட்டுக்குத்தான் கூட்டி வருவான். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்பாறைக் குன்று. உச்சியில் சிலுவைக் கோயில். மோட்டார் மெல்ல முனக, மிதிக்காமலே மேடேறும் வண்டியில் குள்ளச் சீனித்தாய் குழந்தை போலச் சிரித்தாள். அவளுக்காக ஆசனத்தை அடிமட்டம் வரை இறக்கி வைத்திருந்தான் மகன். நின்றால் இரண்டு பாதமும் தரையில் படியும்.

ஏற்றத்தின் பாதியில் ராஹிலாவின் முக்காடு கைப்பிடியில் சிக்கிச் சங்கிலிக் கொக்கி அறுந்தது. மணலில் உருண்ட முத்தை எடுத்தவர் சுந்தரராஜ். வெயிலில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“அசல். மன்னார் கடல் முத்து. யார் தந்தது?”

“எங்க உம்மாவோட உம்மா கழுத்துல கிடந்தது, மாமா” என்று சொல்லி, ராஹிலா அதை வாங்கிச் சின்னப் பைக்குள் போட்டு வண்டியின் முன்பையில் வைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

மலை இறங்கி வண்டிகளைக் கொட்டகையில் விட்டார்கள். எஸ்றா இருக்கிறார் என்ற தைரியத்தில் ராஹிலா முன்பையைக் கழற்றவில்லை. பெண்கள் மூவரும் கழிமுகத்தில் கால் நனைக்கப் போனார்கள். ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். பிறகு, பயணிகளுக்குச் சமைத்துப் போடும் அற்புதமணி வீட்டில் சாப்பாடு. மற்றவர்களுக்குச் சீலா மீன் குழம்பு, சுந்தரராஜுக்குத் தனியாகத் தயிர்ச்சாதம்.

சாப்பிட்டுத் திரும்பியதும் சீனித்தாய் வண்டியில் ஏறினாள். ஏறியவள் தள்ளாடிப் பனைத்தூணைக் கட்டிப் பிடித்தாள்.

“ஏ ஆத்தா! கால் எட்டலியே! காலையில எட்டிச்சே!”

“சீலா மீனு உன்னைத் தூக்கிட்டு” என்றார் செல்வராணி. எல்லோரும் சிரித்தார்கள்.

சுந்தரராஜும் சிரித்தார். “தாயி, உங்களுக்கு இந்த வண்டி சரிப்படாது. விஜயா, நாளைக்கு நான் ஷெட்டுக்கு வாரேன், இதை எனக்குத் தா. வீட்டுக்காரி ஓட்டிப் பழகட்டும்.”

அந்தச் சிரிப்பு அடங்குமுன் ராஹிலா அலறினாள். சின்னப் பை இருந்தது, முத்து இல்லை.

முதலில் தன் பைகளைக் கவிழ்த்துக் காட்டியவர் சுந்தரராஜ்தான். கார்ச் சாவி, போன், பர்ஸ், திருநீற்றுப் பொட்டலம். வேர்வை கண்ணில் வழிய அதைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். அஸ்லமும் விஜயராஜும் காட்டினார்கள். பெண்களைச் செல்வராணியே சோதித்தார். தன்னைச் சோதிக்க ராஹிலாவிடம் கை தூக்கி நின்றார். ஒன்றும் கிடைக்கவில்லை.

சுந்தரராஜ் செல்வராணியை ஒதுக்குப்புறமாக அழைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, தப்பா நினைக்காதிய. வண்டி விஜயனுது, பை அவனுது. வாலிப வயசு, புத்தி சறுக்கியிருக்கும். நான் வெளிய மூச்சு விட மாட்டேன். என்ன இருந்தாலும் நாளைக்குச் சம்பந்தி.”

அந்தத் தாழ்ந்த குரல் செல்வராணியின் தோளில் அட்டை போல ஊர்ந்தது. அவர் விலகி நின்றார். அப்போதுதான் அந்த வாடை அவர் மூக்கில் பட்டது. மெல்லியதுதான். எலுமிச்சை வாசத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது.

நேரே எஸ்றாவிடம் போனார்.

“பெரியவரே, நாங்க கழிக்குப் போன பிறவு உள்ள வந்தது யாரு?”

“ஆம்பளையள் மூணு பேருந்தான். உங்க தம்பி மவன் போன் சார்ஜர் எடுத்தாம். துலுக்கத் தம்பி கேமரா எடுத்திச்சி. வெள்ளைச் சட்டை அய்யா கடைசி.”

“அவுக என்ன எடுத்தாவ?”

“நிழலுக்கு வந்தேம்னாவ. கொஞ்சம் இருந்தாவ. நான் வலையைப் பாப்பனா, அவுகளைப் பாப்பனா?”

அடுத்து அற்புதமணி. பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“ஏளா, சைவச் சாப்பாட்டுக்காரர் உன்கிட்ட என்னமும் கேட்டாரா?”

“எலுமிச்சம்பழம் கேட்டாவ, தலை சுத்துதுன்னு. ரெண்டு அறுத்துக் குடுத்தேன். குடிக்கவா செஞ்சாவ? கொல்லையில நின்னு கையில பிழிஞ்சு தேச்சாவ. பிறவு கரண்டி கேட்டாவக்கா! எங்க வீட்டுல கரண்டி கேட்டுச் சோறு தின்ன மொத ஆளு அவுகதான். ஹேண்டில்பார் பிடிச்சுக் கை எரியுதாம்.”

செல்வராணி திரும்பி நடந்தார். பாதி வழியில் சீனித்தாய் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. நாத்தனாரின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் படித்திருந்தாள்.

“மைனி, அவுகதானா?”

“ஆமா.”

“பொருள் கிடைச்சாப் போதும் மைனி. மணல்ல கிடந்துச்சுன்னு எடுத்துக் குடுத்துருவோம். பிரேமாவுக்கு நிச்சயம் நெருங்கிட்டு. ஊரு என்ன சொல்லும்? பிள்ளை வாழ்க்கை மைனி.”

“மணல்ல கிடந்துச்சுன்னா அந்தப் பிள்ளை நம்பும்னு நினைக்கியா? எடுத்தவன் பயந்து திருப்பிப் போட்டான்னுதான் நினைக்கும். யாரை நினைக்கும்? உன் மவனை. காலம்பூரா நினைக்கும்.”

சீனித்தாய் அழுதாள். செல்வராணி அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். ஆனால் கால் நிற்கவில்லை.

கொட்டகையில் அஸ்லம் போலீசுக்குப் போன் போடக் கையில் போனை எடுத்திருந்தான். விஜயராஜ் தூணோடு தூணாக நின்றான். செல்வராணி சுந்தரராஜின் முன்னால் போய் நின்றார்.

“அண்ணாச்சி, வலது கையை நீட்டும்.”

“என்னக்கா, கைரேகை பாக்கவா?”

“நீட்டும்.”

நீட்டினார். செல்வராணி குனிந்து மோந்தார். சுங்க இலாகாவில் அழுகின கருவாட்டு மூட்டைக்குள் கைவிட்டுத் தங்கம் எடுத்தபோதுகூட அவருக்கு இப்படிக் குமட்டியதில்லை.

“அஸ்லம் தம்பி, நீயும் மோந்து பாரு.”

அஸ்லம் மோந்து முகத்தைச் சுளித்தான். “எலுமிச்சை... அடியில மீன் வாடை.”

“மீன் சாப்பாட்டு வீட்டுல உக்காந்தா மீன் நாறத்தானே செய்யும்?” என்றார் சுந்தரராஜ்.

“நீரு தின்னது தயிர்ச்சோறு. அதையும் கரண்டியால தின்னீரு. லண்டன்லயே கரண்டி தொடாத ஆளு, மணப்பாட்டுல எதுக்குக் கேட்டீரு? அந்தக் கையை வாய்க்கிட்ட கொண்டுபோக முடியல. குமட்டிச்சு. அது மீன் வாடை இல்ல, சுறா எண்ணெய். இந்தக் கொட்டகையில அது ஒரே இடத்துலதான் இருக்கு.”

விஜயராஜ் தலை நிமிர்ந்தான்.

“சீட்டுக் கம்பியில, அத்தை. குழாய்க்குள்ள.”

“ஆமா. நீ அதைச் சொன்னப்ப இவரு காருக்குள்ள இருந்தாரு. கேட்டிருந்தா தொட்டிருக்க மாட்டாரு. ஏலே, உங்கம்மா வண்டி சீட்டை உருவு.”

விஜயராஜ் பிடியைத் தளர்த்தி ஆசனத்தைக் கம்பியோடு உருவினான். வாடை கொட்டகையை நிறைத்தது. குழல் போன்ற அந்தக் கம்பியின் அடிவாயில் ஒரு துணி திணித்திருந்தது. பிதுங்கி நின்ற துணி அடியில் தட்டியதால்தான் ஆசனம் முழுக்க இறங்கவில்லை. சீனித்தாய்க்குக் கால் எட்டாமல் போனதும் அதனால்தான். இழுத்தான். பூப்போட்ட கைக்குட்டை. மடிப்புக்குள் முத்து.

“காலையில நெத்தி துடைச்ச கைக்குட்டை” என்றார் செல்வராணி. “மதியம் சட்டைக் கையால துடைச்சீரு. அதை நான் அப்பவே கேட்டிருக்கணும்.”

“அக்கா... சும்மா ஒரு விளையாட்டுக்கு...”

“விளையாட்டா? உம்ம சைக்கிளும் பக்கத்துலதான நின்னுச்சு? அதுல ஏன் வைக்கல? நாளைக்கு ஷெட்டுல வந்து எடுத்துக்கலாம். நடுவுல அகப்பட்டா எங்க வீட்டுப் பொம்பளை திருடி. என் தம்பி மவன் திருடன். அப்படித்தான?”

சுந்தரராஜ் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“எங்க கிடைக்கும்னு கேக்காதியன்னு சொன்னீரே, அந்த முத்து இதுதானா? இதையா எங்க பிள்ளை கழுத்துல போடப் பாத்தீரு?”

அவர் பார்வை மணலில் இருந்தது. செல்வராணி காறித் துப்பவில்லை. துப்பக்கூட அந்த மனிதர் முன்னால் வாய் திறக்க மனம் கூசியது. ராஹிலாவிடம் திரும்பி, “தாயி, எங்க வீட்டுப் பயணத்துல வந்து உனக்கு இப்படி ஆயிட்டு. போலீசுக்குச் சொல்லணுமா வேண்டாமான்னு நீதான் முடிவு பண்ணணும். என்ன முடிவானாலும் நான் சாட்சி” என்றார்.

ராஹிலா முத்தைக் கடல்நீரில் கழுவிக்கொண்டு வந்தாள். “அஸ்லம், போன் போடு” என்றாள்.

விஜயராஜ் தாயின் ஆசனத்தைப் பழையபடி அடிமட்டம் வரை இறக்கினான். சீனித்தாய் ஏறினாள். இரண்டு பாதமும் தரையில் படிந்தன. அவள் யாரையும் பார்க்காமல், கண்ணைத் துடைத்தபடி வேனை நோக்கி ஓட்டினாள்.

பிரேமாவின் கல்யாணம் நின்றது பற்றி இப்போது தூத்துக்குடியில் ஒரு பேச்சு உலவுகிறது. மாப்பிள்ளை வீட்டார் சுத்த சைவம் என்றும், பெண் வீட்டில் சுறா எண்ணெய் நாறியதால் அவர்களே வேண்டாம் என்று எழுந்து போனார்கள் என்றும் சொல்கிறார்கள். அது பொய். நாறியது மாப்பிள்ளையின் தகப்பனார் கை. வேண்டாம் என்று சொன்னது பெண் வீடு.