ஈரக் கை

வந்து இறங்கி இன்னும் ஒருவரும் கடல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் கடுகின் கை ஈரமாக இருந்தது.

வாசலில் பைகளுக்கு நடுவே நிறுத்திவைக்கப்பட்டிருந்த அம்மாவுக்கு அந்தக் கையைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டு கண்களின் மேலும் பஞ்சு, அதன்மேல் துணிக்கட்டு. ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் விரல் ஓட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே நூல் தொங்குகிறது என்று கண்டுபிடித்துத் தள்ள வேண்டும். பக்கத்து மேசையில் நீராவி இஸ்திரிப்பெட்டியின் குழாய் வெடித்தபோது அவள் முகம் அதற்கு நேராக இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, பார்வை திரும்பிவிடும் என்றார் டாக்டர். ஆனால் திங்கட்கிழமை கட்டைப் பிரிக்கும்வரை வெளிச்சம் துளிகூடப் படக்கூடாது, பட்டால் தன்னைக் கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

வீட்டிலேயே முடங்கிக் கிடந்தால் இவளுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும் என்று நாத்தனார் இந்தக் கடற்கரை வீட்டைச் சனி, ஞாயிறுக்கு வாடகைக்குப் பிடித்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போய் என்ன செய்வது என்று கேட்டதற்கு, காதும் மூக்கும் இருக்கிறதல்லவா, கடலையும் நீ செக்கிங் பண்ணித்தான் ஆக வேண்டுமா என்று மடக்கிவிட்டாள்.

கடுகு அவளுடைய ஐந்து வயது மகள். பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள்போல இருந்தாளாம். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று தகப்பன் விளையாட்டாகச் சொன்னது பெயராகவே ஒட்டிக்கொண்டது. தகப்பன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அம்மாவுக்குக் கண்ணைக் கட்டியதும் மகளும் டிரைவர் ஆகிவிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு, பீப் பீப் என்று ஹாரன் அடித்தபடி வீடு முழுக்க ஓட்டிக்கொண்டு போவாள். ஒருமுறை அழுத்தினால் போகலாம். இரண்டுமுறை அழுத்தினால் நிற்க வேண்டும், எதிரே படி இருக்கிறது.

இந்த ஈரக் கை ஹாரன் அடிக்கவில்லை. அழுத்தவும் இல்லை. இழுத்துக்கொண்டு போயிற்று.

உள்ளே வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசனை, உப்பேறிய மெத்தையும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை. காலடியில் தரை நரநரவென்று மணலாக இருந்தது. எங்கோ ஒரு கதவு கொக்கி கழன்று காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. என்ன கடுகு இவ்வளவு சில்லென்று இருக்கிறாய், குழாயைத் திறந்து விளையாடினாயா என்று கேட்டாள். கை மேலும் இழுத்தது. வழக்கம்போல அவள் விரல்கள் தாமாகவே குழந்தையின் சட்டைக்கையைத் தடவிப் பார்த்தன. துணி நனைந்திருந்தது. அதில் ஏதோ ஒரு குறை. என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு கட்டுச் சட்டையைச் சரி என்று அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்தபிறகு மனது உறுத்துமே, அந்த மாதிரி இருந்தது.

திடீரென்று முகத்தில் காற்று அறைந்தது. கடல் இரைச்சல் மிக அருகில் கேட்டது. முன்னால் வைத்த காலின் விரல்களுக்கு அடியில் தரை இல்லை.

"அம்மா, மாடிக்கு வாம்மா, இங்கேருந்து கடல் தெரியுது. பீப் பீப்."

குரல் தலைக்கு மேலே, மாடியிலிருந்து வந்தது. கையிலிருந்த கை நழுவிப் போயிற்று.

கணவன் ஓடிவந்து பிடித்தபோது அவள் பின்வாசல் படியின் விளிம்பில் நின்றிருந்தாள். செங்குத்தான படிகள், கைப்பிடியும் கிடையாது. தனியாக ஏன் நடந்தாய் என்று கோபப்பட்டான். தனியாக வரவில்லை என்றாள். சாப்பிடும்போது நாத்தனார் இதை வைத்தே ஒரு ஆட்டம் ஆடினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உனக்குத்தான் கண்ணையே கட்டியிருக்கிறதே, பேய் எந்த வழியாக வந்தது என்று கேட்டாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்த வாயில் சோறு இறங்கவில்லை.

சாவி கொடுத்த வாட்ச்மேன் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனான். இந்தக் கரை சரிவானது, முழங்கால் தண்ணீர்கூட ஆளை இழுத்துவிடும், குழந்தையைக் கண்ணிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். யாருடைய கண்ணில் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சொல்லி வாய் மூடவில்லை, மதியம் எல்லோரும் அசந்த நேரத்தில் கடுகு தனியாகத் தண்ணீருக்குப் போய்விட்டாள். நாத்தனார்தான் தரதரவென்று இழுத்துவந்தாள். கண்கட்டோடு எழுந்து வந்தாள் அம்மா. குரல் வந்த திசையில் கையை ஓங்கி ஒன்று வைத்தாள். அது முதுகில் பட்டதா தலையில் பட்டதா என்றுகூடத் தெரியவில்லை. கடுகு அழவில்லை. "இனிமே உன்கூடப் பேசவே மாட்டேன். டிரைவரும் கிடையாது போ" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

அடித்த கை எரிந்துகொண்டே இருந்தது. கட்டிலில் படுத்தபடி கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டான். வலி மாத்திரை அப்படித்தான் செய்யும் என்றான்.

"மாத்திரை இல்லங்க. என் பிள்ளை கை எனக்குத் தெரியாதா? கடுகு கை எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், பிஸ்கெட் பிசுபிசுப்பு இருக்கும். அது கை சில்லுன்னு, ஈரமா இருந்துச்சு. ஒண்ணு அழுத்தினா போ, ரெண்டு அழுத்தினா நில்லுன்னு நம்ம கணக்குகூட அதுக்குத் தெரியல. அதனாலதான் கண்டுபிடிச்சேன்."

சொல்லி முடித்ததும் கட்டிலுக்கு அடியில் ஏதோ சொட்டியது. சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு. பிறகு நனைந்த சிறு பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம், கட்டிலைச் சுற்றி, அவள் தலைமாட்டைக் கடந்து, கதவு வழியாக வெளியே போயிற்று. கணவனின் கையை இறுகப் பற்றினாள். அது ஏசி தண்ணீர், குழாய் ஒழுகுகிறது என்றான் அவன்.

வெயில் தணிந்ததும் கடலுக்குக் கிளம்பினார்கள். அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள். ஆனால் தனியாக அந்த வீட்டில் இருப்பதை நினைத்ததும் கால் தானாகச் செருப்பைத் தேடியது. கணவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீர் ஓரமாகப் போட்டு, நுரை வந்து பாதத்தைத் தொடும்படி உட்காரவைத்தான். காலுக்குக் கீழே மணல் மெல்லக் கரைந்து கரைந்து போவது சுகமாகக்கூட இருந்தது.

அப்போது ஒரு சிறு கை அவள் இடது கைக்குள் வந்து புகுந்தது.

அவள் உடம்பு விறைத்தது. பிறகு தளர்ந்தது. கை வெதுவெதுப்பாக இருந்தது. காய்ந்திருந்தது. விரல்களில் பிஸ்கெட் பிசுபிசுப்பு.

"ஏங்க, இது கடுகுதானே?"

"பின்ன வேற யாரு? அத்தையை விட்டுட்டு ஓடி வந்துட்டா" என்று கணவன் பக்கத்திலிருந்தே சிரித்தான். கதவைப் பூட்டிவிட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்த நாத்தனார், செருப்பு மாட்டுவதற்குள் பறந்துவிட்டாள், நல்லவேளை இங்கேதான் இருக்கிறாள் என்றாள். கண் உள்ள இருவர் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் என்ன வேண்டும்? அம்மா கையை விடாதே என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, அக்காவும் தம்பியும் கரையோரமாகக் கால் நனைத்தபடி நடந்து போனார்கள். அவர்கள் பேச்சு தேய்ந்து அலைச் சத்தத்தில் கரைந்தது.

கடுகு பேசவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

"அம்மா அடிச்சிருக்கக் கூடாது" என்றாள் அவள். "பயந்துட்டேண்டா. உனக்கு ஒண்ணுன்னா நான் எப்படி இருப்பேன், சொல்லு."

கை ஒருமுறை அழுத்தியது. கட்டுக்குள் கண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காற்று திசை மாறியது. அலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம், பறவையோ என்று தோன்றும் மெல்லிய சத்தம், எழுந்து, அமுங்கி, மறுபடி எழுந்தது. ம்மா என்பதுபோல இருந்தது. அவள் வெதுவெதுப்பான அந்தக் கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அதுதான். காலையில் கூட்டிப்போக வந்தது. இப்போது என் பிள்ளையின் குரலில் கூப்பிடுகிறது.

"போகாதே கடுகு. அம்மா கையை விடாதே."

கை இரண்டுமுறை அழுத்தியது.

அலை ஒன்று கணுக்காலைத் தாண்டி ஏறியது. அடுத்தது முழங்காலுக்கு வந்தது. நாற்காலி அசைந்தது. கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தது.

சில்லென்று. ஈரமாக. சிறியதாக. நகங்கள் தோலில் இறங்கின. கூடவே ஓர் இருமல், தண்ணீர் நிறைந்த வாயிலிருந்து வரும் களகளப்பு. சொல் எதுவும் இல்லை. பிடி மட்டும். இழுக்கிறது. தண்ணீருக்குள் இழுக்கிறது.

அவள் அலறினாள். உதறினாள். அது விடவில்லை. இடது கையில் குழந்தை இருக்கிறது, அதை விடக்கூடாது. காலால் உதைத்தாள். எதுவோ மெத்தென்று பாதத்தில் பட்டது. மறுபடி உதைத்தாள். மணிக்கட்டை முறுக்கி, நாற்காலிக் கையில் மோதி, வெறிபிடித்தவள்போலத் திருகினாள். ஒரு விரல் நழுவியது. இன்னொன்று. அலை திரும்பியது. மணல் சரசரவென்று பின்னால் போயிற்று. பிடி விட்டது.

பிறகு கடல் மட்டும் இரைந்தது.

ஓடிவரும் காலடிகள். கணவன் அவள் தோளைப் பிடித்தான். அது வந்தது, தண்ணீரிலிருந்து வந்தது, நான் விடவில்லை, பிள்ளையை விடவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல. கடுகு இதோ உன் பக்கத்துலயே நிக்கிறா பாரு. சொட்டுத் தண்ணிகூடப் படல" என்றான்.

நாத்தனாரும், குழந்தை கையை விடவே இல்லை பார், என்ன பாசம் என்று உருகினாள்.

அவளுக்கு மூச்சு திரும்பியது. வலது கை நகத்தின் இடுக்கில் ஏதோ சிக்கி உறுத்தியது. கட்டைவிரலால் தடவினாள்.

நூல். இரட்டையாகப் போட்ட தடித்த கைத்தையல் நூல். அதன் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு.

கடுகு இன்று போட்டிருந்த முழுக்கைச் சட்டையை அவள்தான் தைக்கத் தொடங்கினாள். இடது கையை மெஷினில் அடித்து முடித்த மறுநாள் அந்தக் குழாய் வெடித்தது. வலது கையை இந்தப் பயணத்துக்கென்று நாத்தனார் கையாலேயே தைத்து முடித்தாள். கோணிப்பை தைக்கிறவள்கூட இப்படித் தைக்கமாட்டாள், இது என்ன முடிச்சு, மிளகு மாதிரி என்று அவள் தடவிப் பார்த்துக் கேலி செய்திருந்தாள். வேண்டுமானால் அறுத்துவிடு என்றாள் நாத்தனார். இருக்கட்டும், கடுகுக்கு அத்தை போட்ட முடிச்சு என்று அவள்தான் விட்டுவைத்தாள்.

விரல்கள் மெல்ல இடது பக்கம் நகர்ந்தன. வெதுவெதுப்பான அந்தக் கையின் மணிக்கட்டுக்கு. சட்டைக்கைக்கு. மடிப்பு இருந்தது. மடிப்பில் தையல் இல்லை. மேலே ஏறினாள். முழங்கை. தோள். கழுத்துப் பட்டி. மறுபக்கத் தோள், மறுபக்கக் கை.

எங்கும் ஒரு தையல் இல்லை. காலையில் விரல்கள் சொல்ல வந்த குறை அதுதான்.

"தண்ணியில பாருங்க" என்றாள். குரல் எழும்பவில்லை. "கடுகு தண்ணியில இருக்கா. நான்தான் உதைச்சேன். ஐயோ, நான்தான் தள்ளிவிட்டேன். போங்க, பாருங்க."

"கடுகு இங்கதாம்மா இருக்கா."

"இது இல்லங்க. இது இல்ல."

வலது கை கண்கட்டுக்குப் பாய்ந்தது. கணவன் பாதியிலேயே பிடித்துவிட்டான். கட்டைப் பிரித்தால் கண் போய்விடும் என்று கெஞ்சினான். இடது கையை உருவப் பார்த்தாள். வரவில்லை. அந்தச் சிறு விரல்கள் அவள் விரல்களுக்குள் கோத்துக்கொண்டிருந்தன. கடலைப் பார்த்து மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நாத்தனார் அழத் தொடங்கினாள். பிள்ளை பயந்துபோகும், இவளை உள்ளே கூட்டிப்போ தம்பி என்றாள்.

ஒரு பக்கம் கணவன் தாங்கிப் பிடிக்க, மறுபக்கம் அந்தக் கை முன்னே இழுக்க, அவளை நடத்திக்கொண்டு போனார்கள். ஈர மணல் முடிந்து காய்ந்த மணல் வந்தது. முதுகுக்குப் பின்னால் அலைகள் ஒரே சீராக வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே வேறு எந்தச் சத்தமும் இல்லை.

"பீப் பீப்" என்றது பக்கத்தில், கடுகின் குரலில். "வீடு வந்துடுச்சும்மா."

வெதுவெதுப்பான கை இரண்டுமுறை அழுத்தியது. எதிரே படி இருந்தது.