கச்சான் லைவில் இருக்கிறாள்

மைக் செருகாத துளைக்கு மேலிருந்த பச்சை விளக்கு மினுங்கியது.

சுல்பிகா முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. மிக்ஸர் என்றால் பெரிய சாமான் ஒன்றுமில்லை, ஒரு சோற்றுப் பார்சல் அளவுதான். ஒரு பக்கத்தால் டெப் என்ற கைக்கணினியில் இருக்கும் பாட்டு உள்ளே வரும், இன்னொரு பக்கத்தால் மைக் வைத்திருப்பவர்களுக்குக் குரல் வரும், இரண்டும் கலந்து ஒரு வயர் வழியே போனுக்குள் போய் நேரலையில் கேட்கும். அவளிடம் மைக் இல்லை. வாங்கவும் மாட்டாள். குரல் கேட்டால் ஊர் கண்டுபிடித்துவிடும். அந்தத் துளைக்குள் இதுவரை தூசியைத் தவிர எதுவும் போனதில்லை. ஆனாலும் விளக்கு, யாரோ கதைக்கக் கதைக்க மினுங்குவது போல, விட்டு விட்டு மினுங்கியது.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, சாய்ந்தமருது ஊர் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் நேரம். கச்சான் காற்று மேற்கே வயல்களைத் தாண்டிச் சூடாக வந்து, முற்றத்து மணலை அள்ளி மதிலில் அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய காக்கா, மூத்தவன் முபீன், புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் மேல்மாடி அறையில், ஜன்னலுக்கு ஒரு பழைய மெத்தையை முட்டுக்கொடுத்து, கதவை உள்ளால் பூட்டிவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஈரச் சீமெந்தின் வாசனையும், மெத்தைப் பஞ்சின் புளித்த வாசனையும், சூடேறிய டெப்பின் பிளாஸ்டிக் வாசனையும் அந்த இருட்டில் ஒன்றாகக் கலந்து நின்றன. "செடிகளுக்குத் தண்ணி ஊத்திட்டு வாறன் காக்கா" என்று சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வெள்ளியும் அவள் இங்கே வருவது இதற்காகத்தான்.

கல்முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை செய்யும், அதிகம் கதைக்காத பிள்ளை என்றே ஊருக்கு அவளைத் தெரியும். நேரலையில் அவள் பெயர் கச்சான். கேட்பவர்களில் பாதிப் பேர் கொறிக்கிற கச்சான் கடலையை நினைத்துச் சிரிப்பார்கள். அவளுக்கு அது காற்று. வளையும் தண்டில் பொருத்திய போன் மேலிருந்து கீழே பார்க்கும். படத்தில் தெரிவது மிக்ஸரும், கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகளும் மட்டும். பஸ் நிலையத்தில் "அக்கரைப்பத்து, அக்கரைப்பத்து" என்று கூவும் கண்டக்டர், மீன் சந்தையில் ஐஸ் உடைக்கும் சத்தம், கல்யாண வீட்டு றபான் கொட்டு எல்லாவற்றையும் பதிந்து வந்து வெட்டித் தாளமாக அடுக்குவாள். தோஹாவில் லொறி ஓட்டுகிறவர்கள், டொரொன்டோவில் பனியில் நிற்கிறவர்கள் அதைக் கேட்டு அழுகிற முகங்களை அனுப்புவார்கள்.

இது அட்டாளைச்சேனையில் இருக்கும் தோழி ஹிமாயாவுக்கு மட்டும் தெரியும். முபீனுக்குத் தெரியாது. தெரிந்தால் அவன் அடிக்கமாட்டான், ஏசவும் மாட்டான். பள்ளிவாசலில் நாலு பேருக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். உம்மா மௌத்தான பிறகு அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவன் அவன். அந்தக் குனிந்த தலையை நினைத்தால்தான் அவளுக்குப் பயம்.

'பின்னால யாரு கதைக்கிற?' என்று ஒரு கொமென்ட் வந்தது.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். றபான் மட்டும்தான். மைக்குக்கான குமிழை இடப்பக்கம் கடைசி வரை திருகினாள். விளக்கு மினுங்கியது.

'ஓம், எனக்கும் கேக்குது. பொம்புளக் குரல்.'

'கச்சான், மைக் ஓன்ல இரிக்கி. பாரு.' இது ஹிமாயா.

பாட்டின் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்துப் பார்த்தாள். தாளம் தேய்ந்து தேய்ந்து போன இடத்தில், அடியில், ஒரு அறையின் சத்தம் இருந்தது. ஃபேன் சுற்றுவது. உடுப்பு உரசுவது. யாரோ மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது. தன்னுடைய மூச்சுத்தான் என்று நினைத்து அவள் மூச்சை அடக்கினாள். ஹெட்போனில் இருந்த மூச்சு அடங்கவில்லை. ஆறுதலாக, அவசரமே இல்லாமல், வந்து போய்க்கொண்டிருந்தது.

பாட்டை மறுபடி கூட்டினாள்.

'கச்சான், பாங்கு சொல்றாங்க. பாட்ட நிப்பாட்டுங்க.'

'அஸர் பாங்கு. உங்கட பக்கம்தான் கேக்குது.'

அவளுக்குக் கேட்கவில்லை. பள்ளிவாசல் இரண்டு வீடு தள்ளி. பாங்கு சொன்னால் இந்த வீட்டின் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஹெட்போனைக் கழற்றினாள். பாங்கு இல்லை. அது மட்டுமல்ல, காற்றும் இல்லை. மதிலில் மணல் அடிக்கவில்லை. காகம் இல்லை. கடலும் இல்லை. பிறந்த நாளிலிருந்து ஒரு நிமிடம்கூட ஓயாமல் அவள் காதில் இருந்த அந்தக் கடலைக் காணவில்லை.

தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. சத்தமில்லாமல்.

"யா அல்லாஹ்" என்றாள். வாயை விட்டு வெளியே வந்ததும் அந்தச் சொல் பஞ்சில் விழுந்தது போலக் காணாமல் போனது.

நேரலையை முடிக்கும் பொத்தானை அழுத்தினாள். முடியவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். டெப்பின் வயர், போனின் வயர், ஹெட்போன், மிக்ஸருக்குக் கரண்ட் கொடுக்கும் வயர். எல்லாம் கையில் வந்தன. போனிலிருந்து பாட்டு நிற்காமல் வந்தது.

எழுந்து கதவுக்கு ஓடினாள். திறப்பு பூட்டிலேயே இருந்தது. சுழன்றது, பூட்டுத் திறந்தது, ஆனால் கதவு அசையவில்லை. இறுகிய கதவைப் போலவும் இல்லை, வெளியில் யாரோ பிடித்திருப்பதைப் போலவும் இல்லை. இழுத்தபோது சுவரை இழுப்பதுபோல இருந்தது. தோளால் இடித்தாள். இடித்த சத்தம் வரவில்லை. தோள் மட்டும் வலித்தது.

மெத்தையை இழுத்துக் கீழே போட்டாள். ஜன்னல் இருந்தது. கண்ணாடி இருந்தது. அதற்கு அப்பால் வெய்யில் இல்லை, இருட்டும் இல்லை. மதிலில்லை, முருங்கை மரமில்லை. அணைத்துவிட்ட திரையைப் போல ஒரு சாம்பல். அவ்வளவுதான்.

டெப்பில் வட்ஸ்அப் இருந்தது. ஹிமாயாவுக்குக் கோல் எடுத்தாள். மணி போனது. அந்த மணிச் சத்தம் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஹலோ?"

"ஹிமாயா! புள்ள, நான் கதைக்கன். கதவு துறக்குதில்ல. காக்காக்குச் சொல்லு. என்னவும் ஆகட்டும், காக்காவ இஞ்ச வரச் சொல்லு!"

ஹிமாயாவின் வீட்டுக் காற்றுச் சத்தம் கேட்டது. உண்மையான காற்று.

"யாரு இது?" என்றாள் ஹிமாயா.

"நான்தான்! சுல்பிகா!"

"சுல்பிகா லைவ்ல இரிக்காள். நான் பாத்துக்கிட்டு இரிக்கன். இப்ப அவள் கதைக்காள்." குரல் சிறிதாகிவிட்டது. "அவளிட நம்பர்ல நீங்க யாரு கதைக்கிற?"

"என்ட குரல் உனக்குத் தெரியாதா, புள்ள?"

"தெரியும். அதான் கேக்கன். அவள் அங்க கதைக்கிறதும் இந்தக் குரல்லதான்." ஹிமாயா அழத் தொடங்கியிருந்தாள். "அல்லாஹ்வுக்காக வைங்க. எனக்குப் பயமா இரிக்கி."

கோல் வெட்டுப்பட்டது. மறுபடி எடுத்தாள். நம்பர் தடுக்கப்பட்டிருந்தது.

சுல்பிகா திரும்பிப் போனைப் பார்த்தாள்.

தண்டின் நுனியில் அது அப்படியே குனிந்து நின்றது. திரையில் மிக்ஸர். வயர்கள் எல்லாம் செருகியபடி. கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகள் ஆறுதலாகக் குமிழ்களைத் திருகின. ஒரு விரல் தாளத்துக்கு மேசையில் தட்டியது.

அவள் குனிந்து தன் மேசையைப் பார்த்தாள். பிடுங்கிய வயர்கள். யாருமில்லை.

திரையைப் பார்த்தாள். கைகள்.

போனைத் தண்டிலிருந்து உருவி எடுத்தாள். சுவரின் பக்கம் திருப்பினாள். நிலத்தின் பக்கம் திருப்பினாள். படம் மாறவில்லை.

"எல்லாருக்கும் ஸலாம்" என்றது போனிலிருந்து அவளுடைய குரல். கடையில் வயதானவர்களோடு கதைக்கும்போது வரும் குரல், பணிவான, கொஞ்சம் வெட்கப்பட்ட குரல். "இவ்வளவு நாளும் உங்களோட கதைக்காம இருந்துட்டன். மன்னிச்சுக்கங்க. என்ட பேரு சுல்பிகா. சாய்ந்தமருது."

இதயக் குறிகள் திரையின் ஓரத்தில் குமிழிபோலக் கிளம்பின. நூற்றுக்கணக்கில்.

'முகத்தக் காட்டுங்க ராத்தா!'

"இல்ல" என்றாள் சுல்பிகா. "அது நானில்ல. கேளுங்க. அது நானில்ல!"

'சூப்பர் குரல்.'

'மாஷா அல்லாஹ்.'

திரையில் கைகள் ஒவ்வொன்றாகக் கையுறைகளைக் கழற்றின. அவளுடைய விரல்கள். விரல்கள் மேலே வந்தன, பெரிதாகின, திரையை மூடின. படம் ஆடியது. அங்கே தண்டோடு போன் திரும்பியது. அந்த அறை தெரிந்தது. இந்த அறைதான். மெத்தை ஜன்னலில் சாய்ந்தபடி. அதன் ஓரத்தால் மஞ்சள் வெய்யில் ஒரு கோடாகத் தரையில் விழுந்து கிடந்தது. எதிரே கதவு. அதன் பூட்டு ஏற்கனவே திறந்திருந்தது.

சுல்பிகா கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு, போனைப் பிடித்தபடி நின்றிருந்தாள். திரையில் அந்தக் கதவுக்கு முன்னால் ஒருவருமில்லை.

கையை உயர்த்தினாள். ஒருவருமில்லை.

படத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

அவள் முதுகில் ஒரு அதிர்வும் இல்லை.

"சுல்பி" என்றது போனிலிருந்து முபீனின் குரல். "நான்தான். துற."

"காக்கா!" அவள் திரும்பிக் கதவில் அறைந்தாள். "காக்கா, நான் இஞ்ச! இஞ்ச இரிக்கன்!"

திரையில் கதவு திறந்தது. அவள் கைக்கு முன்னால் கதவு மூடியே இருந்தது. முபீன் உள்ளே வந்தான். தொழுதுவிட்டு வந்த தொப்பியோடு, சாரத்தோடு, காற்றில் வந்த மணல் தாடியில் ஒட்டியபடி. அவள் நின்ற இடத்திலேயே வந்து நின்றான். அவள் கையை நீட்டினாள். வெறுங்காற்று. அவனிடம் எப்போதும் வரும் அத்தர் வாசனைகூட இல்லை.

அவன் தலை குனியவில்லை. கோபமாகவும் இல்லை. கேமராவுக்குப் பின்னால் இருப்பவளைப் பார்த்துச் சிரித்தான்.

"எனக்குத் தெரியும், புள்ள. ரெண்டு மூணு வெள்ளி கீழ படிக்கட்டுல இருந்து போன்ல கேட்டிரிக்கன். அந்த பஸ் கண்டக்டர் துண்டு..." அவன் தலையை ஆட்டினான். "நல்லாத்தான் இரிக்கி. என்னத்துக்கு எனக்கு ஒளிச்ச? நான் உன்ன என்ன செஞ்சிருவன்?"

சுல்பிகா திரையோடு முகத்தை ஒட்டினாள். இந்தச் சொல்லுக்காகத்தான். இத்தனை நாளும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தாள்.

"பயமா இருந்திச்சி, காக்கா" என்றது அவளுடைய குரல்.

"வா. ஊட்ட போவம். மறுகா கதைப்பம்."

படத்துக்குள் ஒரு முதுகு வந்தது. அவளுடைய அபாயா. அவளுடைய நடை. முபீனிடம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் பெருநாள் திடலுக்குப் போகும்போது பிடிப்பதுபோல, இரண்டு விரல்களை மட்டும்.

"காக்கா, பாருங்க! அது நானில்ல! காக்கா!"

முபீன் முன்னால் இறங்கினான். படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் போனில் தேய்ந்தது. அவன் பின்னால் போன அது நிலைப்படியில் நின்றது. திரும்பியது.

அவளுடைய முகம். ஒரு மாற்றமும் இல்லை. சிரிக்கவில்லை. மிரட்டவில்லை. வெகு நாள் வெய்யிலில் வரிசையில் நின்று, கடைசியில் தன் முறை வந்த ஒருத்தியின் முகம்போலக் களைத்து, ஆறுதலடைந்து இருந்தது. கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. சுல்பிகா நின்ற இடத்தை நேராகப் பார்த்தன.

பிறகு, பிள்ளை உறங்கும் அறையைச் சாத்துவதுபோல, சத்தம் வராமல் கதவை மெல்ல இழுத்துச் சாத்தியது.

திரையில் மூடிய கதவு. அதற்கு முன்னால் வெறும் தரை. யாருமில்லை.

அந்தக் கதவை சுல்பிகா இரண்டு உள்ளங்கைகளாலும் அடித்துக்கொண்டே இருந்தாள்.