பாறைக்குள் இளஞ்சூடு

கோடு இடம் மாறியிருந்தது.

ரேஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். பூமிக்கடியில் எந்த அடுக்கு எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று சொல்லும் கருவிகளுக்குக் கணினியில் மாதிரி போட்டுத் தருவது அவள் வேலை. கம்பெனி அனுப்பிய புதுக் கருவி ஊன்றுகோல் நீளம்தான். கருங்கல் ஊரில் தங்கள் வீட்டுக்குப் பின்னால் வறண்டு கிடக்கிற போர்வெல்லிலேயே சோதித்துவிடலாம் என்று சொன்னவளும் அவள்தான். புருஷன் வினோஜ் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நின்றான். கருவியை வயரில் அடிவரை இறக்கி மெல்ல மேலே இழுப்பது அவன் பாடு.

மேலே செம்மண், அப்புறம் வெட்டுக்கல், அதற்கும் கீழே சொட்டு ஈரமில்லாத பாறை. காய்ந்த பாறை மின்சாரம் கடத்தாது, அங்கே கோடு படுத்துக் கிடக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் அங்கே ஒரு சின்ன மேடு தெரிந்தது. ஏதோ கோளாறு என்று அழித்துவிட்டாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பொருந்தாததைத் தேய்த்துவிட்டால் மாதிரி லட்சணமாக வரும். ஆனால் ஒரே துளையை இரண்டாம் முறையும் அளந்து பார்ப்பதும் வழக்கம். அளந்தார்கள். மேடு அப்படியே இருந்தது, கொஞ்சம் மேலே.

பாறைக்குள் கிடப்பது நகருமா? இது எந்த ஊர் நியாயம்?

ஆனி மழை ரப்பர் மரங்களில் விடாமல் பெய்துகொண்டிருந்தது. அடைத்த சன்னலுக்குள் காயாத துணியின் முடை வாடையும் மீன்குழம்பின் புளி வாசனையும் கலந்து நின்றன. வயர் உருளை கிறீச்சிடுவது காதில் மாட்டியிருந்த போனிலும் சுவருக்கு அப்பாலும் ஒன்றாகக் கேட்டது.

"ஏங்க, இன்னொரு மட்டம் இழுங்க."

"சவத்து மழ, ஊறிப் போனேன். இதோட போதும், கேட்டியா?"

மூன்றாம் முறை மேடு வெட்டுக்கல்லுக்கு வந்துவிட்டது. மாதிரியில் எந்த அடுக்கை வைத்தாலும் பொருந்தவில்லை. அடுக்கை எடுத்துவிட்டுத் துளைக்குப் பக்கத்தில் ஒரு கட்டியை வைத்தாள். ஆள் நீளம். உப்புநீர் கடத்துகிற மாதிரி கடத்தியது. ஆறிய உப்புநீர் இல்லை, வெதுவெதுப்பானது. உடம்புச் சூட்டில் ரத்தம் எப்படியோ, அப்படி. கோடு அச்சாகப் பொருந்தியது.

அப்போதாவது வயரைப் போட்டுவிட்டு வாங்க என்றிருக்கலாம். புத்தி கம்பெனிக் கருவிக்குப் போனது.

"எடுத்துட்டு வாங்க. சீக்கிரம் இழுங்க!"

உருளை வேகமாகச் சுற்றியது. மேடும் ஏறியது. அதே வேகம். வயரை இழுக்க இழுக்க அதுவும் கூடவே வந்தது. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் வந்திருக்கிறது. இழுக்கச் சொன்னது அவள்.

"வயர விடுங்க! போட்டுட்டு ஓடி வாங்க!"

"என்னட்டி வெப்ராளம்? இன்னா, வெளிய எடுத்தாச்சு."

காற்றுக்கு வந்த கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை. கருவிக்கு இந்தப் பக்கம் ஒரு மேடு. அந்தப் பக்கம் ஒரு மேடு.

ஒன்று வினோஜ்.

உருளை நின்றது. மழை மட்டும். சேற்றில் கனமாக ஏதோ விழுந்தது. போனில் மூச்சுக்கூட இல்லை.

திரையில் ஒரே மேடு.

"ஏங்க?"

போய்ப் பார்க்க வேண்டும். போகவில்லை. பயம், அவ்வளவுதான்.

கொல்லையில் காலடிச் சத்தம். நிதானமாக வந்தது. புதிதாக வெட்டிய கல்லின் வாடை கதவிடுக்கில் நுழைந்தது.

"ஏட்டி, நான்தான். கதவத் தொற."

வினோஜின் குரல். அய்யோ, என் தெய்வமே! அழுதபடியே ஓடித் தாழ்ப்பாளை இழுத்தாள். இழுத்த பிறகுதான் மேசையில் இருந்த திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

கருவி போர்வெல் வாயருகிலேயே கிடந்தது. அதன் பக்கத்தில் கிடந்த உடம்பின் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. துள்ளாமல், பதறாமல், சீராக. சூடு ஆற ஆற உப்புநீர் கடத்துவது குறையும்.

"குளிருதுட்டி," என்றது குரல்.

கதவு ஒரு இடுக்களவு திறந்தது. உள்ளே நீண்ட கை தாழ்ப்பாளில் இருந்த அவள் கையைப் பிடித்தது. விரலில் வினோஜின் மோதிரம். இத்தனை மழையில் நின்ற கை வெதுவெதுவென்று இருந்தது.