பத்து நாள் மருந்து

ஹம்சா ஏழு தடவை கேட்பாள். ஜானு ஏழு தடவை பதில் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்று மதியம் ஜானு விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னாள். ஆறு ஆயிற்று. ஏழாவது பதிலுக்கு அவள் வாயைத் திறப்பதற்குள் குழந்தை தலையை ஆட்டிக்கொண்டு, திருப்தியாகத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

எண்ணிக்கையில் தப்பு செய்திருப்பேன் என்று ஜானு நினைத்துக்கொண்டாள்.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அம்மா, நான் பத்து நாளும் மருந்து சாப்ட்டேனா?"

பதிலும் ஒன்றுதான். "சாப்ட்டே கண்ணா. பத்து நாளும் சாப்ட்டே."

அது பொய்.

மார்கழி முதல் வாரம் ஹம்சாவுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக், ரோஸ் நிறத்தில், ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் சபாவில் குழந்தைகளுக்கான பாட்டுப் போட்டி. மருந்து வயிற்றைப் பிரட்டுகிறது, மேல் ஸ்தாயியில் குரல் நிற்கவில்லை என்று ஜானுவுக்குத் தோன்றியது. நான்காம் நாள் காலை மீதியை ஸிங்க்கில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டாள். மிளகும் பனங்கல்கண்டும் போட்டுப் பால் கொடுத்தாள். பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. படித்தவள். வேறு வீட்டுக் குழந்தையாக இருந்தால், பாதியில் நிறுத்தாதீர்கள் என்று அவளே சொல்லியிருப்பாள்.

ஹம்சாவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் எழுந்து வந்தது வேறு குழந்தை. எட்டு வயதுக்காரி சில நேரம் மூன்று வயது மழலையில் பேசினாள். கையெழுத்து பெரிதாகிக் கோட்டை விட்டு வெளியே வழிந்தது. கண்ணின் கருமணி விரிந்தே இருந்தது. டியூப்லைட் போட்டால் முகத்தை மூடிக்கொண்டு அலறினாள். சாதம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று துப்பினாள். இன்றோடு பதினோரு நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான். தூக்கினால் இடுப்பெலும்பு குத்துகிறது.

மூன்று டாக்டர்கள் அடம் என்றார்கள். நான்காவதாகப் பார்த்த நரம்பியல் டாக்டர் வஜீஹாதான் அந்தப் பெயரைச் சொன்னார். பாண்டாஸ். கரடி மாதிரி இருக்கே என்று ஜானுவின் கணவன் அனந்தராமன் சிரிக்கப் பார்த்தான்.

"தொண்டைக் கிருமியை அடிக்கக் கிளம்பின எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம மூளையை அடிக்குது" என்றார் டாக்டர். "நிறையப் பேர் கேள்விப்பட்டதே இல்ல. எங்கள்லயே சில பேர் ஒத்துக்க மாட்டாங்க. டிசம்பர்ல குடுத்த ஆன்டிபயாடிக்கை முழுசா முடிச்சீங்களா?"

ஜானு பதில் சொல்வதற்குள் அனந்தராமன் முந்திக்கொண்டான். "இவ சயின்ஸ் படிச்சவ டாக்டர். மணி பார்த்துக் குடுப்பா."

அவன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டாள். "குடுத்தேன் டாக்டர்" என்றாள். "பத்து நாளும்."

மடியில் இருந்த ஹம்சா அண்ணாந்து அவள் வாயைப் பார்த்தாள். அன்று சாயங்காலம்தான் அந்தக் கேள்வி ஆரம்பித்தது.

இன்று ரத்தப் பரிசோதனை முடிவு வரும். ஆறு மணிக்குக் கூப்பிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். கிருமி மிச்சம் இருக்கலாம் என்று நினைக்க ஒரு காரணம் கிடைத்தால் அதற்கான வைத்தியத்தை உடனே தொடங்கலாம். இல்லையென்றால் மனநலப் பிரிவில் சேர்க்க வேண்டியிருக்கும்; குழந்தை உள்ளே, அவர்கள் வெளியே. அந்தக் காரணம் ஜானுவிடம் இருந்தது. அனந்தராமன் ஆபீஸிலிருந்து வருவதற்குள் டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

ஐந்து மணிக்கு மொட்டை மாடியிலிருந்து காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு இறங்கினாள். பாத்திரம் தேய்க்க வரும் பாஞ்சாலி கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள், அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாக்கா, நீ மேலயா இருந்த?"

"ஏன்?"

"இப்பத்தான பாப்பா ரூமுல பேசிக்கினு இருந்த. சாப்ட்டே கண்ணா, சாப்ட்டேன்னு. நான் பால்கனில தேச்சிக்கினே கேட்டேனே."

"டிவியா இருக்கும்."

"டிவிக்கு உன் கொரலு கீதா? நல்லா கீதே கதை." பாஞ்சாலி சிரித்தாள். "நீயும் நாலு நாளு தூங்குக்கா. மூஞ்ச பாரு, பேயறஞ்ச மாதிரி கீது."

அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை ஜானு துணிமூட்டையோடு நின்றாள்.

ஹம்சா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"யாரோடடா பேசிண்டிருந்தே?"

"அம்மாவோட."

"நான் மாடியிலன்னா இருந்தேன்?"

"தெரியும்" என்றாள் ஹம்சா, திரும்பாமல். "நீ சொல்றச்சே நடுவுல ஒரு இடத்துல நிறுத்தறே. அவ நிறுத்தறதில்லை. அவ சொன்னா வயத்துல வலிக்கல."

இல்லாத குரல் கேட்பதும் இந்த நோயில் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்ததை ஜானு மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். மூளையில் வீக்கம் இருந்தால் அப்படித்தான் கேட்கும், வைத்தியம் தொடங்கினால் போய்விடும், ஆறு மணிக்கு உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடும் என்று. ஆனால் பாஞ்சாலியின் மூளையில் வீக்கம் இல்லை.

தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு வாய் ஊட்டப் போனாள். ஹம்சா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"உன் கையால வேண்டாம்."

கிண்ணத்தைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். விளக்குப் போட முடியாது. பறக்கும் ரயில் ஒன்று மந்தைவெளிப் பக்கம் போய், ஜன்னல் கண்ணாடியை லேசாக அதிர வைத்து அடங்கியது. வெளிச்சம் மேஜையை விட்டு, தரையை விட்டு, சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டது. எங்கிருந்தோ தித்திப்பாக ஒரு வாசனை வந்தது. பழ வாசனை இல்லை. பழம் மாதிரி.

போன் அடித்தது.

"ஜானகி, ரிப்போர்ட் வந்துடுச்சு" என்றார் டாக்டர் வஜீஹா. "எந்தப் பக்கமும் தெளிவா சொல்லல. அதனால உங்களை மறுபடி கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஆன்டிபயாடிக்கை நிஜமாவே முடிச்சீங்களா? நடுவுல நிறுத்தியிருந்தாலும் பரவாயில்ல. அது எனக்குத் தெரியணும்."

பின்னால் சின்னப் பாதங்கள். அறையிலிருந்து கூடம். கூடத்திலிருந்து சமையலறை.

"டாக்டர்" என்றாள் ஜானு. மூச்சை இழுத்தாள். நாலாம் நாள் நிறுத்திட்டேன். அவ்வளவுதான். மூன்றே வார்த்தை.

"குடுத்தேன் டாக்டர். பத்து நாளும்."

அவள் குரல். தெளிவாக, கொஞ்சம் பவ்யமாக. சமையலறையிலிருந்து.

ஜானுவின் உதடு மூடியிருந்தது. தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். அதிர்வு இல்லை.

"சரி. நீங்க சொன்னா நம்பறேன்" என்றது போன். "அப்ப மனநலப் பிரிவுக்கே எழுதிடறேன். நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க."

இல்லை டாக்டர் என்றாள். காற்று வந்தது. காற்று மட்டும். மறுபடி முயன்றாள். வாய் அசைந்தது. போன் கட்டாகியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஏழெட்டு அடி. நிலைப்படியில் நின்றாள்.

ஹம்சா மேடைக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணாந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இருட்டிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. மணிக்கட்டில் இரண்டு மெல்லிய வளையல். நடுவிரலில் போன வாரம் அரிவாள்மணை வெட்டின தழும்பு.

ஜானு தன் விரலைப் பார்த்தாள். அதே தழும்பு.

கை ஒரு வாய் ஊட்டியது. ஹம்சா விழுங்கினாள். துப்பவில்லை. இன்னொரு வாய். சின்னத் தொண்டை ஏறி இறங்கியது. பதினோரு நாளில் முதல் தடவையாக, கன்னத்தில் லேசாகச் சிவப்பு.

ஜானு கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை.

ஆனாலும் ஹம்சா திரும்பினாள். கருமணி விரிந்த கண்ணால் நிலைப்படியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பயந்தாள். இருட்டுப் பக்கமாக நகர்ந்து ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா, அங்க நிக்கறது யாரு?"

கை அவள் தலையைத் தடவிக் கொடுத்தது. பிறகு கிண்ணத்துக்குள் போய், அடுத்த வாய்க்கு நிதானமாகப் பிசைய ஆரம்பித்தது.