செவலையைக் கடத்திய நெதர்லாந்துக்காரன்

செல்போன் அலறியது!

ஜெயபாண்டி பாய்ந்து எடுத்தான். மறுமுனையில் பால்பாண்டி. உயிர் நண்பன். மாடு கடத்தியதில் சரிபாதிக் கூட்டாளி.

"மாப்ள... சாயங்காலம் பழங்காநத்தம் பக்கம் வா. ஒம் பொறந்தநாளுக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன்!"

"சர்ப்ரைஸ் கெடக்கட்டும்டா. செவலை பத்தி எவன்கிட்டயும் வாயத் தொறக்கலையே?"

"கழுத்தை அறுத்தாலும் தொறக்க மாட்டேன் மாப்ள!"

நல்ல பிள்ளை. ஜெயபாண்டி நிம்மதியாகக் காலை நீட்டினான்.

செவலை... டி. கல்லுப்பட்டி கனகாவின் ஜல்லிக்கட்டுக் காளை. போன வருஷம் ஊரே பார்க்க ஜெயபாண்டியை முட்டித் தூக்கி, டவுசரைக் கிழித்து அனுப்பியது. அந்த வீடியோ இன்னும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. விடுவானா?

மாட்டைத் தூக்கினான். வி.பி.என். போட்டுக்கொண்டு கனகாவுக்கு மெயில் தட்டினான். 'பொங்கல் முடியும்வரை செவலையைத் தேடாதே. தேடினால் கறிக்கடைதான்!'

காலிங் பெல்!

கதவைத் திறந்தால் சப்-இன்ஸ்பெக்டர் தங்கப்பொண்ணு. பின்னால், அழுது சிவந்த கண்களோடு கனகா.

"என் செவலைய கொடுத்துருங்கண்ணே... நான் வச்சாத்தேன் அது தீவனமே எடுக்கும். நாளன்னைக்கு வாடிவாசலு. உசுரோட இருக்கோ என்னமோ..."

ஜெயபாண்டிக்கு நெஞ்சு சுருக்கென்றது. உடனே டவுசர் ஞாபகம் வந்தது. சுருக்கு போய்விட்டது!

"நான் என்னத்தைக் கண்டேன்? மெயிலு எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தீங்களா மேடம்?"

"மெயில் கம்பெனி ஐ.பி. அட்ரஸ் கொடுத்துச்சு. நெதர்லாந்து."

"பெறகென்ன? அங்க போயித் தேடுங்க!"

"வி.பி.என்.னு ஒண்ணு இருக்காமே தம்பி?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கெட்டிக்காரத்தனத்தை அடக்கத் தெரிந்தால் அவன் ஜெயபாண்டி இல்லையே!

"இருக்கு மேடம். அதைப் போட்டா நம்ம நெட்டு நேரா போகாது. அவய்ங்க சர்வர் வழியா சுத்திப் போகும். அந்தப் பக்கம் பாக்குறவனுக்கு அவய்ங்க அட்ரஸ்தேன் தெரியும். நமக்கு நெட்டு கொடுக்குறவனுக்குக்கூட வி.பி.என். போட்டிருக்கோம்னுதேன் தெரியும். எங்க போனோம்னு தெரியாது!"

"அந்த வி.பி.என். கம்பெனிக்காரனுக்குத் தெரியுமே?"

"எதையும் சேத்து வைக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணிருக்காய்ங்களே!"

"கேட்டுப் பாத்தாச்சு. நெசமாவே ஒண்ணும் வைக்கலையாம்..." தங்கப்பொண்ணு பெருமூச்சு விட்டாள்.

ஜெயபாண்டி மீசையைத் தடவினான்.

"ஆனா வர்ற வழியில இதைப் பாத்தேன்!" அவள் தன் மொபைலை நீட்டினாள்.

பழங்காநத்தம் முக்கு. இரண்டு ஆள் உயர ஃப்ளெக்ஸ்!

'இன்று பிறந்தநாள் காணும், செவலையை அடக்கிய சிங்கம், அண்ணன் "நெதர்லாந்து" ஜெயபாண்டியை வாழ்த்த வயதில்லை... வணங்குகிறோம்!'

செவலையின் திமிலில் கை போட்டபடி ஜெயபாண்டி சிரித்துக்கொண்டிருந்தான். ஆசைக்கு எடுத்த போட்டோ. பின்னால் ஒரு செங்கல் சூளை!

மீசையிலிருந்து அவன் கை தானாகக் கீழே இறங்கியது.

அதே நேரம் கனகாவின் போன் அடித்தது. கேட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம்... நீங்க ஆளனுப்புன சூளையிலதேன் நின்டுச்சாம். நல்லாருக்காம்... செவலை நல்லாருக்காம்!"

"ஹேப்பி பர்த்டே மாப்ள!"

கேக் பெட்டியோடு நுழைந்த பால்பாண்டி, காக்கிச்சட்டையைக் கண்டு நின்றான்.

"வாயத் தொறக்க மாட்டேன்னியேடா பாவி!"

"தொறக்கவே இல்லையே மாப்ள... ஃப்ளெக்ஸுதானே வச்சேன்!" என்றவன், ஆசையாகத் தங்கப்பொண்ணுவின் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா மேடம்? கீழ ஓரத்துல என் போட்டோவும் சின்னதா போட்டிருக்கேன்..."

"பாத்தேன்டா. அதான் ஜீப்புல ஓரத்துல உனக்கும் ஒரு சீட்டு போட்டிருக்கேன். ஏறு!"