மிச்சமிருந்த ஒரு பர்சன்ட்

பழவேற்காடு பஜாரில் பால்ராஜின் கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். பலகையில் மட்டும் ‘செல்போன் விஞ்ஞானி’ என்று பெரிதாக எழுதியிருந்தது. போனுக்குக் கண்ணாடி ஒட்ட வருகிறவர்களும் பேட்டரியைக் காப்பாற்றுவது பற்றிய உபன்யாசத்துக்குத் தப்ப முடியாது.

“வெளிச்சத்தக் கொற. டேட்டாவ அணை. லொகேஷன் கீதே, அது பேட்டரிய உறியிற அட்டை. மொதல்ல அத்த அணை.”

எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

கிருஷ்ணன் மறக்கவில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலுக்குப் போகிறவர்கள் லொகேஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் படகைத் தள்ளுவார்கள். இன்ஜின் நின்றுபோனால் மற்றவர்கள் மேப்பில் அந்தப் புள்ளியைப் பார்த்துத் தேடிப் போவார்கள். போன மாதம் காற்று முரண்டு பிடித்த அன்று கிருஷ்ணனின் புள்ளியைக் காணோம். காலிப் படகு மட்டும் கரை ஒதுங்கியது.

இப்போது அவன் மனைவி தெய்வநாயகி, போனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். துக்கம் விசாரித்த மாதிரியும் ஆகட்டும் என்று பால்ராஜ் கிளம்பி ஏரியைத் தாண்டி வந்துவிட்டான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் கருவாட்டு வாடையையும் மீறி ஆழத்துச் சேற்றின் வாடை. சுவரில் கிருஷ்ணனின் படம் இல்லை. உடம்பு கிடைக்காமல் எப்படி மாலை போடுவது?

“போன்ல இன்னா கோளாறு, தங்கச்சி?”

“கோளாறு இல்லண்ணே. குந்து. இப்ப வரும்.”

கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. வெளிச்சம் வாசலைத் தொட்டுவிட்டுக் கடலுக்குப் போயிற்று.

போன் அடித்தது.

திரையில் கிருஷ்ணனின் பெயர்.

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் தண்ணீர்ச் சத்தம். அலை புரள்கிற சத்தமல்ல. முங்கிக் கிடக்கையில் காதை அடைக்கிற சத்தம்.

“ஒரு பர்சன்ட்தான் கீது. வெளிச்சம் கொறச்சிட்டேன். டேட்டா அணைச்சிட்டேன். இன்னும் இன்னாத்த அணைக்கணும்?”

“தெனம் இதேதான் கேக்குது,” என்று தெய்வநாயகி கிசுகிசுத்தாள். “லொகேஷனப் போடுய்யா, ஆளுங்க வந்து தூக்கியாரட்டும்னு கெஞ்சறேன். பால்ராஜண்ணன் சொன்னாத்தான் போடுவேன்னுது. சொல்லுண்ணே. உடம்பாச்சும் வரட்டும்.”

விஞ்ஞானி போனருகே குனிந்தான்.

“கிருஷ்ணா... லொகேஷன ஆன் பண்ணுடா.”

தண்ணீர்ச் சத்தம்.

“சார்ஜ் எறங்கிடுமேண்ணே. நீதான சொன்ன?”

“தப்பா சொல்லிட்டேன்டா! போடுடா!”

“நீயா தப்பா சொல்லுவ? வெளாடாதண்ணே.” குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. “இங்கருந்து ஒரு வெளிச்சம் தெரியுது. சுத்திச் சுத்தி வருது. அத்தயும் அணைச்சிடட்டுமா?”

“வேணா—”

வாசலைத் தொட வர வேண்டிய வெளிச்சம் வரவில்லை.

“அண்ணே! ரெண்டு பர்சன்ட் ஆயிடுச்சு!”

எதிர்வீட்டு பல்பு அணைந்தது.

பக்கத்து வீடு. அதற்கடுத்தது.

பால்ராஜ் போனைப் பிடுங்கி அணைத்தான். பேட்டரியைக் கழற்றி எறிந்தான். திரை அணையவில்லை. அதன் வெளிச்சத்தில் தெய்வநாயகி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். குப்பம் முழுக்க இருட்டிய பிறகு, ஏரிக்கு அந்தப் பக்கம், பழவேற்காட்டு பஜாரின் விளக்குகளும் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

“கரெக்டாத்தான் சொல்லிக்கீற, அண்ணே,” என்றது குரல். “ஏறிக்கினே கீது.”