ஒரு விரல் அகல மணல்

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு நான் போனது ஒரு காலை வேளையில். எண்ணெய் வண்ணத்தில் நிலவொளிக் கடல் ஒன்று வரைய வேண்டும். வீட்டுக்காரர் மாடி அறையைக் காட்டினார்.

"நிலாவுல ஓட்டை விழாமப் பாத்துக்குங்க சார். கூரையில ஏற்கெனவே ஏகப்பட்டது இருக்கு" என்று சிரித்தவர், குரலைத் தாழ்த்தினார். "பையனக் கடல் கொண்டுபோய் ஒரு வருஷமாச்சு. உடம்பு கிடைக்கல. தினம் ராத்திரி என் வீட்டுக்காரி கரையில போய் நிக்கிறா. என்னைக்காவது இவளும் இறங்கிடுவாளோன்னு பயமா இருக்கு. கடல் வீட்டுக்கே வந்துட்டா அங்க போக மாட்டா இல்ல?"

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒற்றை விளக்கில் வேலை செய்தேன். கருநீலத்தின் நடுவே வெள்ளியாய் ஒரு கோடு. படம் முழுக்க நீர்தான். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடிக்கு அடியில் ஈர உப்பு வாடை ஒன்று விடாமல் இருந்தது.

அவர் மனைவி வந்து வெகுநேரம் பார்த்தார்.

"கரையே போடலையே தம்பி. அவன் எங்க ஏறுவான்?"

படத்தின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மணல் தீட்டினேன். அன்றிரவு அந்த அம்மா கடற்கரைக்குப் போகவில்லை. படத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தவரைப் படுக்க அனுப்பிவிட்டு, கணவர் அறையைப் பூட்டினாராம்.

மறுநாள் அவரே திறந்துவிட்டார். எண்ணெய் வண்ணம் காயப் பல நாளாகும். அந்த ஈர மணலில் எள்ளளவு காலடிகள்.

நீரிலிருந்து ஏறிப் படத்தின் விளிம்புவரை வந்திருந்தன.

பிறகு, திரும்பி நீருக்குள் போயிருந்தன.

"யாரும் உள்ள வரல சார். சாவி என்கிட்டதான்..." அவர் சாவியை எடுத்துக் காட்டினார்.

"வந்திருக்கான்" என்றார் அந்த அம்மா, அழாமல். "கதவு சாத்தியிருந்துச்சு. போயிட்டான். நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

படியிறங்கப் போனவரின் கையைக் கணவர் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் பொறும்மா. கதவத் தெறந்தே வைக்கிறேன். சத்தியமா."

அடுத்த நாள் காலை நான் போனபோது, வீட்டுக்காரர் வாசலிலேயே உதட்டில் விரல் வைத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"மெல்லப் பேசுங்க சார். ரெண்டு பேரும் இப்பத்தான் தூங்குனாங்க."

மாடிக்கு ஏறினேன். படத்தில் யார் கையும் பட்டிருக்கவில்லை. ஏறி வந்த காலடிகள் அப்படியே இருந்தன.

திரும்பிப் போனவை மட்டும் இல்லை.